பேஸ்மென்ட் குழியும் இவருடைய ஓமும்

ஏப்ரல் 8, செவ்வாய்

பனி உருகுகிறது. கூரை விளிம்பிலிருந்து நாள் முழுக்கச் சொட்டு. பின்வளவில் பாதி புல், பாதி அழுக்குப் பனி. மொன்றியலை ஒட்டிய இந்த லவாலில் எல்லா வீட்டு வாசலிலும் சேறு.

இவர் காலையிலிருந்து அமைதியில்லை. இடது கையால் கதிரையைத் தட்டுகிறார். நிலத்தைக் காட்டுகிறார். "ஓம், ஓம்." கழிவறையா? ஓம். கொண்டுபோனேன், ஒன்றுமில்லை. தண்ணீரா? ஓம். குடிக்கவில்லை. பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு இவர் வாயில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்தான். பசிக்கிறதா, ஓம். வயிறு நிறைந்துவிட்டதா, அதற்கும் ஓம். எவ்வளவு விளங்குகிறது என்று டாக்டரும் திட்டமாகச் சொல்லவில்லை.

மத்தியானம் சோஷல் வேர்க்கர் ஜெனவியேவ் வந்தாள். இளம் பெண், கனிவாகக் கதைப்பாள். மகள் டிலானியும் வேலைக்கு லீவு போட்டு, டவுன்டவுனிலிருந்து மெட்ரோவில் வந்திருந்தாள். பராமரிப்பு இல்லத்தில் ஓர் இடம் கிடைத்திருக்கிறதாம். மொன்றியலின் வடக்குப் பக்கம், ஆற்றுக்குக் கிட்ட. யன்னலோரக் கட்டில். வருகிற கிழமை வியாழனுக்குள் பதில் வேண்டும். வேண்டாம் என்றால் பட்டியலில் திரும்பக் கடைசி.

ஜெனவியேவ் இவருக்கு முன்னால் குந்தியிருந்து, பிரெஞ்சில் மெதுவாக, இவரிடமே கேட்டாள். டிலானி தமிழில் சொன்னாள்: "அப்பா, உங்களைப் பாக்கிறதுக்கு ஒரு இடம் இருக்காம். நேர்ஸ்மார் இருப்பினம். அங்க போவமா?"

"ஓம்."

ஜெனவியேவ் எழுதிக்கொண்டாள். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போன மாதம் குளியலறையில் இவரைத் தூக்கப்போய் இருவரும் விழுந்ததிலிருந்து என் இடுப்பு இடுப்பாக இல்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

வாங்க: பால், வெங்காயம், பெரியவர்களுக்கான பம்பர்ஸ், இடுப்புக்குப் பூசுகிற களிம்பு.

ஏப்ரல் 9, புதன்

வெயில், ஆனால் குளிர் காற்று.

காலையில் இவரைக் கழுவித் துடைக்க வருகிற மார்லேன் சொன்னாள், இன்று தன் சட்டையைப் பிடித்து இழுத்தாராம், நிலத்தைக் காட்டிக் காட்டி. கோபமாகவாம். மார்லேன் ஹெயிட்டிக்காரி. முறைப்பாடாகச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னாள். கட்டாயம் மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டுமாம்.

பின்னேரம் டாக்டரின் இடத்திலிருந்து ஃபோன். அமைதிப்படுத்த ஒரு குளிசை.

டி.: "அப்பாக்கு மூளை மாறாட்டம் தொடங்குது போல அம்மா. இடம் கிடைச்சது நல்லதுதான்."

இருக்கலாம். கீழே ஏதோ தெரிகிறதோ, யாரோ நிற்பதுபோல. சிலருக்கு அப்படி வருமாம். கேட்டேன், "கீழை ஆரும் நிக்கினமோ?" ஓம். லைட் எல்லாவற்றையும் போட்டுவிட்டு இருந்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

மழைத் தூறல். குளிசை போட்டதால் நேற்றும் இன்றும் நித்திரை. தாடையில் எச்சில். முழித்ததும் திரும்பத் தட்டல்.

இன்று கத்திவிட்டேன். "என்னப்பா வேணும் உங்களுக்கு? வாயைத் திறந்து சொல்லுங்கோவன்!"

வாயைத் திறந்தார். நாக்கு எதையோ தேடியது. தேடித் தேடி, கடைசியில் "ஓம்." கண்ணில் தண்ணீர்.

சமையல் செய்யவில்லை. பாணும் சம்பலும்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

டி. இவரோடு நின்றாள். நான் பூசைக்குப் போனேன். சனம் நிரம்பி வழிந்தது. எல்லோரும் ஒரே கேள்வி. "அவர் எப்பிடி இருக்கிறார்?" "இருக்கிறார்." குருத்தோலையோடு வந்து, அதைச் செருகப் பழைய சிலுவையை எடுக்கலாம் என்று பேஸ்மென்டுக்கு இறங்கினேன். கடைசிப் படியில் கால் நனைந்தது.

தண்ணீர். நிலம் முழுக்க. நிலத்தடித் தண்ணீர் சேருகிற மூலைக் குழி நிரம்பி வழிந்திருக்கிறது. அதை வெளியே இறைக்கிற சம்ப் பம்ப் ஓடவில்லை. இவருடைய பைப் வேலை ஆயுதப் பெட்டிகள் தண்ணீருக்குள். டி.யின் பள்ளிக்கூடப் புத்தகப் பெட்டி அடிப்பக்கம் கரைந்துபோய்.

யூட் அண்ணைக்கு எடுத்தேன். இவரும் அவரும் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஒன்றாக வீடு வீடாகப் போய்ப் பைப் வேலை செய்தவர்கள். மொன்றியலில், பார்க்-எக்ஸ்டென்ஷனில் இருக்கிறார். ஃபோனில் அவருக்குப் பின்னால் யாரோ வீட்டில் தண்ணீர் இறைக்கிற சத்தம்.

"தங்கச்சி, பயப்பிடாதேங்கோ. ஓடி ஓடிச் சூடாகி நிண்டிருக்கும். முதல்லை மின்பெட்டியிலை பேஸ்மென்ட் சுவிச்சை நிப்பாட்டுங்கோ. தண்ணியை அள்ளிப்போட்டு, ஆறினாப் பிறகு போட்டுப் பாருங்கோ."

வாளியால் அள்ளினோம். என் இடுப்பு! டி. தான் கூட அள்ளினாள். சுவிச்சைப் போட்டதும் பம்ப் உறுமிக்கொண்டு ஓடியது, குழி வற்றியது, நின்றது. நின்ற உடனே பைப்புக்குள் சளசளவென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் பம்ப் திரும்ப ஓடத் தொடங்கியது. ஃபோனைப் பைப்புக்குக் கிட்டப் பிடித்தேன்.

"கேக்குது, கேக்குது. செக் வால்வ் பழுதாப் போச்சு தங்கச்சி. ஏத்தின தண்ணி திரும்பி வராமல் மறிக்கிற கதவு அது. உள்ளுக்கை நாக்கு உடைஞ்சிருக்கும். பைப்பிலை நிக்கிற தண்ணி முழுக்கத் திரும்பக் குழிக்குள்ளை விழ, பம்ப் அதையே திருப்பித் திருப்பி இறைக்குது. எத்தினை நாளா உப்பிடி ஓடுது?"

எனக்குத் தெரியவில்லை. பனி உருகுகிற காலம், பம்ப் ஓடத்தானே செய்யும் என்று இருந்துவிட்டேன்.

மேலே வந்தேன். இவருடைய கதிரை இருக்கிற இடம் குழிக்கு நேர் மேலே. பார்த்துக்கொண்டு நின்றேன். இவர் நிலத்தைக் காட்டினார்.

"பம்போ? பம்ப் சத்தத்தையே சொன்னனீங்கள்?"

"ஓம்."

டி. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குளிசையை நிறுத்தக் கேட்கவேண்டும். நாளைக்கு முதல் வேலை.

ஏப்ரல் 14, திங்கள்

மப்பு வானம். நாளைக்குப் பெருமழை என்று ரேடியோவில். டாக்டரின் இடத்துக்குச் சொன்னேன். குளிசை வேண்டாம் என்றார்கள், அவ்வளவு லேசாக.

யூட் அண்ணை புதன்வரை வர முடியாது. ஊரெல்லாம் பேஸ்மென்டுக்குள் தண்ணீர். இந்தப் பம்ப் இன்னொரு நாள் இப்படி ஓடினால் எரிந்துபோகுமாம். "வால்வை வாங்கி நீங்களே போடலாம் தங்கச்சி. ரெண்டு பக்கமும் ரப்பரும் இறுக்குற வளையமும் வைச்சு வரும். பசை ஒண்டும் தேவையில்லை. அன்ரனைக் கேளுங்கோ, சொல்லுவான்." இவருடைய பெயரைச் சொன்ன பிறகுதான் இவருடைய நிலை அவருக்கு நினைவு வந்தது. பிறகு, "மன்னிக்கோணும்" என்றார்.

கடையில் வாங்கியவை: செக் வால்வ், வாளுக்குப் புது அலகு, ரப்பர் கையுறை.

நான் இவரைக் கேட்கத்தான் செய்தேன். டி. மேலே இவருக்குப் பக்கத்தில் டேப்லெட்டோடு. நான் கீழே, என் ஃபோனைப் பெயின்ட் வாளிமேல் சாத்தி வைத்து. திரையில் ஒருவரை ஒருவர் பார்க்கலாம். முதலில் பம்ப் வயரைச் சுவரிலிருந்து கழற்றினேன். சபனெல் தெருத் தையல் ஃபாக்டரியில் வேலைசெய்த கை இது. துணி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டும். பைப்பை வெட்ட அலகு இரண்டு தடவை வழுகியது. வெட்டியதும் உள்ளே நின்ற தண்ணீர் மடியெல்லாம். பழைய வால்வைக் கவிழ்த்தேன், உள்ளேயிருந்த தகடு இரண்டு துண்டாகக் கையில் விழுந்தது. திரையில் காட்டினேன். இவர் தலையை ஆட்டினார். இவர் தலையை ஆட்டியதைப் பார்த்து எவ்வளவு காலம்.

புது வால்வை வைத்தேன். "இப்பிடியோ?"

"ஓம்."

"அம்மா, அப்பா ஓம் எண்டுறார். இறுக்குங்கோ."

திருகியைக் கையில் எடுத்தேன். திரையைப் பார்த்தேன். முகத்துக்குக் கீழே கை. இடது கை மடியில் கவிழ்ந்து நிமிர்ந்து, கவிழ்ந்து நிமிர்ந்து. நிற்கவே இல்லை.

வால்வைப் பார்த்தேன். பக்கத்தில் ஓர் அம்புக்குறி. நிலத்தை நோக்கி இருந்தது. தண்ணீர் போகவேண்டியது மேலே. தலைகீழாகத் திருப்பி வைத்தேன். "இப்பிடியோ?"

"ஓம்."

கை மடியில் அப்படியே கிடந்தது.

டி.யும் கண்டுவிட்டாள். 

இறுக்கினேன். வயரைச் செருகப் போனேன். "ஓம், ஓம்," கை திரும்ப ஆடுகிறது. இன்னும் ஏதோ. திருகியைக் காட்டினேன், கை ஆடியது. ரப்பரைத் தொட்டுக் காட்டினேன், ஆடியது. வெட்டியெடுத்த பழைய பைப் துண்டைத் தூக்கினேன். நின்றது. துண்டைத் தடவிப் பார்த்தேன், அடிப்பக்கத்தில் ஊசி போவதைவிடக் கொஞ்சம் பெரிய துளை. யூட் அண்ணைக்கு எடுத்தேன். "ஐயோ, சொல்ல மறந்திட்டன்! வால்வுக்குக் கீழை காத்துப் போக ஒரு சின்ன ஓட்டை போடோணும். இல்லையெண்டால் காத்து அடைச்சு, பம்ப் சும்மா ஓடும். ஆர் சொன்னது உங்களுக்கு?"

"இவர்தான்."

ஃபோனை வைத்துவிட்டு ஓட்டை போடத் தேடினேன்.

இவருடைய ட்ரில் மேல்தட்டில் இருந்தபடியால் நனையவில்லை. ஓட்டை போட்டேன். வாளித் தண்ணீரைக் குழிக்குள் ஊற்றினேன். பம்ப் ஓடியது, நின்றது. 'டொக்' என்று ஒரு சத்தம், வால்வ் மூடிய சத்தம். பிறகு ஒன்றுமில்லை. நிம்மதியான ஒன்றுமில்லை.

மேலே வந்தபோது டி. இவரிடம், "அப்பா, தேத்தண்ணிக்கு உப்புப் போடட்டா?" ஓம், கை ஆடுகிறது. "சீனி போடட்டா?" ஓம், கை சும்மா கிடக்கிறது. மூன்று பேரும் சிரித்தோம். இவர் பாதி வாயால் சிரித்தார். குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

குளிசை கொடுத்தோமே. அந்தக் கை சும்மா இருக்கவில்லை என்றுதானே கொடுத்தோம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

கொட்டுகிறது மழை. பேஸ்மென்ட் காய்ந்து கிடக்கிறது. கம்பளத்தை மட்டும் எறியவேண்டும், நாறுகிறது.

இவர் நாள் முழுக்க அமைதி. மார்லேனுக்குக் கையைப் பற்றிச் சொன்னேன். இவருடைய கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள், பிரெஞ்சில். ஓம். கை சும்மா கிடந்தது.

ஒரு யோசனை காலையிலிருந்து விடாமல் நிற்கிறது. அன்றைக்கு ஜெனவியேவ் கேட்டபோது கை ஆடியதா? நான் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டி.யைக் கேட்டேன். அவளும் முகத்தைத்தான் பார்த்தாளாம்.

"திரும்பக் கேப்பம் அம்மா."

"பேந்து கேப்பம்."

"அப்பாக்கு எல்லாம் விளங்குது. விளங்கிற மனுசனை எப்பிடி அங்க விடுறது? வேண்டாம் எண்டு சொல்லுவம்."

"ஆர் பாக்கிறது?"

"நான் வாறன். ஒவ்வொரு நாளும் வாறன்."

"உனக்கு வேலை இல்லையே? நான் இல்லாத நேரம் விழுந்தால்? நான் இருக்கிற நேரம் விழுந்தால்தான் என்ன செய்வன்?"

டி. கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனாள். பிறகு மெட்ரோவிலிருந்து மெசேஜ்: ஸாரி அம்மா.

மாறாட்டம் என்று நினைத்திருந்தபோது லேசாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

ஏப்ரல் 16, புதன்

மழை விட்டுவிட்டது. வெயில்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றும்போது இவர் வழுகினார். பிடித்தேன். இடுப்பில் கத்தியால் வெட்டியது மாதிரி. விடாமல் மெல்ல மெல்ல நிலத்துக்கு இறக்கிவிட்டேன். அடிபடவில்லை. ஆனால் தூக்க முடியவில்லை. முழங்காலில் நின்று பார்த்தேன், கையைக் கோத்துப் பார்த்தேன். அசையவில்லை.

டி.க்கு எடுத்தேன். "வாறன், ஆம்புலன்ஸுக்கு அடிக்கவா?" வேண்டாம், அடிபடவில்லை, நீ வா என்றேன்.

தலையணை ஒன்றை இவர் தலைக்குக் கீழே வைத்தேன். போர்வை. எனக்கும் நிமிர முடியவில்லை. பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் முகட்டைப் பார்த்தபடி. யன்னல் வெயில் காலில் விழுந்தது. கீழே பம்ப் ஒருமுறை ஓடி நின்றது. இவர் என்னைப் பார்த்தார். "நல்லா வேலை செய்யுது," என்றேன்.

பிறகு கேட்டேன். நான் கேட்கவேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை. வாயில் வந்துவிட்டது.

"இஞ்சாருங்கோ. அந்த இடத்துக்குப் போக உங்களுக்கு விருப்பமோ?"

"ஓம்."

கையைப் பார்த்தேன். நிலத்தில் கவிழ்ந்து நிமிர்ந்து, கவிழ்ந்து நிமிர்ந்து. மெதுவாகத்தான். ஆனால் ஆடியது.

பார்க்காத மாதிரி இருந்திருக்கலாம். முடியவில்லை. அந்தக் கையைப் பிடித்தேன்.

"என்னாலை ஏலாதப்பா. உங்களை வைச்சுப் பாக்க எனக்கு ஆசை. ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் என்னாலை ஏலாது. இண்டைக்கு விழுத்தியிருப்பன். மண்டை அடிபட்டிருக்கும். ஏலாது."

முகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.  வெயில் காலிலிருந்து நகர்ந்துவிட்டது. நான் கையை விட்டேன், அதன் பாட்டுக்கு இருக்கட்டும் என்று.

"அப்ப, போவமோ?"

"ஓம்."

கை நிலத்தில் அப்படியே கிடந்தது. விரல்கூட ஆடவில்லை. வேண்டுமென்றே அசைக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி.

டி. வந்து கதவைத் திறந்தபோது இருவரும் அப்படியே படுத்திருந்தோம். செத்துவிட்டோம் என்று நினைத்தாளாம். அவளுக்குப் பின்னாலேயே யூட் அண்ணையும் வந்தார், வால்வைப் பார்க்க என்று வந்தவர். இரண்டு பேருமாக இவரைத் தூக்கிக் கட்டிலில் விட்டார்கள். யூட் அண்ணை கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்து, இவர் காலடியில் உட்கார்ந்தார்.

"வேலை சுத்தம் அன்ரன். உன்ரை வேலைதான்."

ஓம். கை கவிழ்ந்து நிமிர்ந்தது. பிறகு என் பக்கம் நீட்டினார்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

ஜெனவியேவுக்கு ஃபோனில் சரி சொன்னேன். அவள் நன்றி சொன்னாள். எதற்கு நன்றி என்று தெரியவில்லை. பாஸ்கா முடிய, செவ்வாய்க்கிழமை வண்டி வருமாம்.

டி.க்கு நிலத்தில் நடந்ததைச் சொன்னேன், முதல் ஓமையும் இரண்டாவது ஓமையும்.  "நீங்கள் எனக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம்," என்றாள். இதைத் தனியே மனதில் வைத்திருக்க முடியவில்லை பிள்ளை.

மாலைப் பூசைக்குப் போகவில்லை. இடுப்பு.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சாம்பல் வானம். கஞ்சி. இவருக்கு மட்டும் முட்டை, டாக்டர் சொன்னது. சிலுவைப் பாதையை ஃபோனில் போட்டுக் கேட்டோம். நடுவில் நித்திரையாகிவிட்டார்.

கொண்டுபோக: சாரம் நான்கு, உள்பெனியன், ஷேவிங் மெஷின், மாதா படம், இடது கையால் பிடிக்கிற பெரிய கரண்டி, கம்பளிக் காலுறை, கல்யாணப் படம்? (இவரைக் கேட்டேன். கை ஆடியது. வேண்டாமாம். டி. பட்டம் வாங்கிய படத்தைக் காட்டினேன். கை நின்றது.)

ஏப்ரல் 20, உயிர்த்த ஞாயிறு

ஆட்டிறைச்சிக் கறி, புட்டு. டி. ஜான்-டலோன் சந்தையிலிருந்து ஸ்ட்ரோபெரி வாங்கி வந்தாள், தூர தேசத்துப் பழம், புளிப்பு. இவர் எல்லாவற்றையும் சாப்பிட்டார். யூட் அண்ணையும் வந்து சாப்பிட்டார். வேலைக்கதை: ஒருமுறை ஒரு வீட்டில் குழிக்குள் பூனை விழுந்ததாம், இவர் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினாராம். எனக்குத் தெரியாத கதை. முப்பது வருடம் கூட இருந்தும். இவர் சிரித்துச் சிரித்து இருமினார்.

நல்ல நாள். இப்படி ஒரு நாள் இருந்திருக்கவே வேண்டாம் என்றும் தோன்றியது.

ஏப்ரல் 22, செவ்வாய்

வெயில். சட்டைக்கு மேல் ஒன்றும் தேவையில்லாத முதல் நாள்.

வண்டி சொன்னதைவிட நேரத்தோடு வந்துவிட்டது. எனக்குத் தலை இழுத்துக் கட்டக்கூட நேரம் கிடைக்கவில்லை. இரண்டு பையன்கள், நல்ல பலசாலிகள், இவரைச் சக்கர நாற்காலியோடு தூக்கிப் படியிறக்கியது பாரமே இல்லாத சாமானை இறக்குகிற மாதிரி. வாசலில் இவர் தலையைத் திருப்பி வீட்டைப் பார்த்தார். நான் சாவியைத் தேடுகிற மாதிரி நின்றேன்.

அறை சின்னது, சுத்தம். யன்னலால் ஆறு தெரிகிறது, ஐஸ் இன்னும் ஓரத்தில். பக்கத்துக் கட்டிலில் ஒரு இத்தாலியக் கிழவர், ஓயாமல் கதைக்கிறார். டி. பிரெஞ்சில் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினாள், இவர் எல்லாவற்றுக்கும் ஓம் என்பார், இடது கையைப் பாருங்கள் என்று. நேர்ஸ் ஒருத்தி வாசித்துவிட்டுத் தலையாட்டினாள். அவசரத்தில் இருந்தாள். நினைவு வைப்பாளோ தெரியாது. மற்ற நேர்ஸ்மார்?

சூப் வந்தது. ஊட்டினேன். உப்பில்லை. இரண்டாவது கரண்டியிலேயே கை ஆடியது. "கொஞ்சம் சாப்பிடுங்கோ," என்றேன். சாப்பிட்டார்.

டி.க்கு வேலைக்குப் போகவேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கோட்டைப் போட்டேன். இவர் சட்டைக் கழுத்தைச் சரிசெய்தேன், சரியாகத்தான் இருந்தது.

"போட்டு வாறன். நாளைக்குக் காலமை வாறன். சரியோ?"

"ஓம்."

முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வெளியே வந்தேன்.